கொன்ஸ்ரன்ரைன் வளர்த்த நாய்

கொன்ஸ்ரன்ரைனைக் கொல்ல வந்தவர்கள் கேட்டது அவனுடைய துவக்கை. அது அவனிடம் இருக்கவில்லை.

சிலாபத்துக்கு வடக்கே ஒரு தென்னங்காணியில் தனியாக இருந்தவன் அவன். ஐம்பதை நெருங்கியும் கலியாணம் கட்டவில்லை. தேங்காய் பறிக்கிற நாட்கள் போக மிச்ச நாளெல்லாம் காட்டுப்பன்றி வேட்டைதான். 1989ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள் அவை. அரசாங்கத்தை எதிர்த்துக் கிளம்பி ஆயுதம் தேடிய சிங்களப் பொடியன்கள் வீடு வீடாக வந்து வேட்டைத் துவக்குகளைப் பறித்துக்கொண்டு போனார்கள். அதற்கு முன்னே எல்லாரும் துவக்குகளைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று பொலிஸ் அறிவித்தது. கொன்ஸ்ரன்ரைன் ஒப்படைத்துவிட்டான். வந்தவர்கள் அதை நம்பவில்லை. வீட்டைப் புரட்டிப் பார்த்தார்கள். பிறகு விறாந்தைத் தூணில் அவனைச் சாய்த்து வைத்து மன்னாக்கத்தியால் வெட்டினார்கள்.

தும்புக் கொட்டிலில் சங்கிலியில் கட்டிக் கிடந்த அவனுடைய நாய், சங்கிலி மாட்டியிருந்த கட்டையையே பிடுங்கிக்கொண்டு வந்து ஒருவனுடைய முன்கையைக் கவ்வியது. அவர்கள் அதன் தோளில் வெட்டினார்கள். அது விடவில்லை. மறுபடி வெட்டியபோது எலும்பு தெரிந்தது. கவ்வப்பட்டவன் தசை கிழியக் கையை இழுத்தெடுத்துக்கொண்டு ஓடினான். காலையில் தேங்காய் ஏற்ற வந்த லொறிக்காரர் பார்த்தபோது நாய் கொன்ஸ்ரன்ரைனின் பக்கத்தில் படுத்திருந்தது. அவன் முகத்தில் மொய்த்த ஈக்களை எட்டி எட்டிக் கவ்விக்கொண்டிருந்ததாம்.

பெட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கக்கூடாது என்று அதே பொடியன்கள் மதிலில் ஒட்டியிருந்தார்கள். அதனால் குனிந்த முதுகோடு நாலு பேர் அவனைத் தரையோடு தரையாகக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். ஊர்ச்சனம் யன்னலைச் சாத்திக்கொண்டது. கொழும்பிலிருந்து மரண வீட்டுக்கு வந்திருந்த தங்கை றோஸி அழுது முடித்து, பின்வளவில் கால் கழுவப் போனபோதுதான் நாயைக் கண்டாள். பலாமரத்தடியில் கிடந்தது. தோளில் புழு நெளிந்தது. அவளைப் பார்த்துத் தலையைத் தூக்கியது.

"இவனை நாங்க கொண்டு போவம்" என்றாள் புருசனிடம்.

நிக்கலஸ் துறைமுகத்தில் சாமான் கணக்குப் பார்க்கிற கிளாக்கர். யாழ்ப்பாணம் குருநகர்க்காரன். சத்தம் போட்டுக் கதைக்காதவன், அன்றைக்குப் போட்டான்.

"உமக்கு விசரே? கொட்டாஞ்சேனை வீட்டில மனுசர் காலை நீட்ட இடமில்லை. இந்தக் குதிரையை எங்க கட்டுறது?"

"அண்ணனுக்காகக் கடிச்சது இவன் மட்டும்தான். மனுசர் ஒருத்தரும் வரல்ல."

நிக்கலஸ் போய் ஒரு தேங்காய்ச் சாக்கை எடுத்து வந்தான். வானின் பின்சீட்டில் சாக்கை விரித்து நாயை ஏற்றினார்கள்.

அது ஜேர்மன் பொயின்ரர் இனம். மலைநாட்டில் தோட்டத்துரை ஒருவர் நாட்டை விட்டுப் போகும்போது குட்டியாகக் கொடுத்தது. தவிட்டு நிறத் தலை, வெள்ளை உடம்பில் தவிட்டுப் புள்ளிகள், பாதியில் வெட்டிய வால், நார்நாராகத் தெரியும் தொடைத் தசை. கொன்ஸ்ரன்ரைன் பொலிஸ் பதவி ஒன்றைப் பகிடிபண்ணி அதற்கு 'சார்ஜன்' என்று பெயர் வைத்திருந்தான்.

தோள் காயம் ஆறும் வரைக்கும் அது நல்ல நாயாக இருந்தது. ஆறியதும் வீடு நாசமாயிற்று. கொட்டாஞ்சேனையில் அவர்களுடையது ஒரே சுவரைப் பங்குபோட்ட வரிசை வீடுகளில் ஒன்று. முன்னால் ஒரு ஹோல், நடுவே ஒரு அறை, பின்னால் குசினியும் சிமெந்து போட்ட ஒரு முழ முற்றமும். நாள் முழுக்கக் காட்டில் ஓடிப் பழகிய நாய் அந்த முற்றத்தில் என்ன செய்யும்? மெத்தையைக் கிழித்தது. மகள் மாக்ரெட் பள்ளிக்கூடத்துக்குப் போடும் சப்பாத்தைத் தின்றது. குசினிக் கதவின் அடிப்பலகையைப் பிறாண்டிப் பிறாண்டி ஓட்டை போட்டது. கூரையில் புறா ஒன்று வந்து உட்கார்ந்தால் போதும். ஒரு முன்காலை மடித்துத் தூக்கி, மூக்கை நீட்டி, வாலை விறைத்து, புறா பறக்கும் வரைக்கும் கல்லாய் நிற்கும். பறந்ததும் யாராவது சுடுவார்கள் என்று பார்த்து, சத்தம் ஒன்றும் வராததால் வீடு முழுக்கப் பைத்தியம் போலச் சுற்றும்.

"மம்மி, இதை ஓடவிடணும். ஓடினாத்தான் அடங்கும்" என்றாள் மாக்ரெட். பதினேழு வயது அவளுக்கு, ஏ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

றோஸி ஓடத் தொடங்கியது அப்படித்தான். நாற்பத்திரண்டு வயதில், பழைய கவுணுக்குக் கீழே மகளின் கன்வஸ் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, விடியற்காலை முகத்துவாரக் கடற்கரை வரைக்கும் நாய் இழுக்க இழுக்கப் போனாள். முதல் வாரம் முழங்கால் இரண்டும் உரிந்தன. பூசைக்குப் போகிற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்த மாதங்களில் சந்திகளில், கலகக்காரர் என்று பிடித்துக் கொன்று ரயர் போட்டு எரித்த உடம்புகள் கிடக்கும். ஒருநாள் சார்ஜன் பாதி எரிந்த ஒன்றின் முன்னால் கால் மடித்து நின்றுவிட்டது. றோஸி கயிற்றை மணிக்கட்டில் சுற்றி, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். அது அசையவில்லை. நாற்றத்தில் அவள் அங்கேயே வாந்தி எடுத்தாள். அதற்குப் பிறகும் மறுநாள் காலை ஓடத்தான் போனாள். ஓடாவிட்டால் அண்ணனின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது.

பக்கத்து வீட்டுப் பழனியம்மா பின்னால் ஒரு ஆடு வளர்த்தாள். அவளும் புருசனும் தோட்டப் பக்கமிருந்து வந்து புறக்கோட்டையில் மூட்டை சுமக்கிறவர்கள். மாசி மாதத்தில் ஒரு நாள் சார்ஜன் மதிலைத் தாண்டிப் போய் ஆட்டின் தொண்டையைப் பிடித்தது. அலறல் கேட்டு எல்லாரும் ஓடிப்போனார்கள். நாய் ஆட்டைக் கடித்துக் குதறவில்லை. தொண்டையை வாய்க்குள் வைத்துக்கொண்டு, நாலு காலையும் அகட்டி ஊன்றி, ஆடு உதைக்க உதைக்க அப்படியே நின்றது. பன்றியைப் பிடித்துவைக்கப் பழக்கிய நாய் அது. வேட்டைக்காரன் கத்தியோடு வந்து சேரும் வரைக்கும் விடக்கூடாது.

"விடு! விடு நாயே!" நிக்கலஸ் விறகுக்கட்டையை எடுத்து அதன் முதுகில் அடித்தான். ஆத்திரம் ஏறி, கட்டை முறியும் மட்டும் அடித்தான். அதன் காதடியிலிருந்து இரத்தம் வந்தது. அது கண்ணை மூடித் திறந்ததே தவிரத் தாடையைத் தளர்த்தவில்லை.

"ஐயோ செத்துருமே! ஐயோ எம் ஆடு!" பழனியம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

நிக்கலஸ் இரும்பு அலவாங்கைத் தூக்கினான். றோஸி அவன் கையில் தொங்கினாள். "போதும்! அடிச்சது போதும்!"

நாய் உடனே வாயைத் திறந்தது. ஆட்டை விட்டுவிட்டு இரண்டடி பின்னால் போய் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்தது.

நிக்கலஸ் அலவாங்கைக் கீழே போட்டான். பிறகுதான் றோஸிக்கு விளங்கியது. சின்ன வயதில் அண்ணனோடு ஒரேயொரு முறை காட்டுக்குப் போயிருந்தாள். பன்றியின் நெஞ்சில் கத்தியை இறக்கிவிட்டு அவன் நாய்களிடம் அதைத்தான் சொன்னான்: போதும் மகன், போதும்.

ஆட்டுக்கு மூச்சுக் குழாய் நசிந்திருந்தது. பழனியம்மாவின் புருசன் அங்கேயே அதை அறுத்தான். பின்னேரம் பழனியம்மா ஒரு சட்டி இறைச்சியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"தின்னுங்க அக்கா. அது என்னா செய்யும், அதுக்குச் சொல்லிக் குடுத்ததத்தானே செய்யுது" என்றாள். ஆனால் அன்றிலிருந்து மதிலுக்கு மேலே உடைந்த போத்தல் ஓடுகள் முளைத்தன.

லயனல் என்று ஒருவன் நாயைக் கண்டது முகத்துவாரப் பொலிஸ் காவலரணில். கயிறு அறுந்து ஓடிய நாயை றோஸி, "சார்ஜன்! சார்ஜன், வா இங்க!" என்று கூப்பிட்டபடி துரத்தி வந்தாள். காவலரணில் நின்ற உண்மையான சார்ஜன் திரும்பினான். அவளை மறித்து, துவக்குப் பிடியால் தோளில் தள்ளி, மதிலோடு நிறுத்தினான். பொலிஸை நாய்க்கு ஒப்பிடுகிறாளா என்று கேட்டான். நாயின் பெயர் அது என்று அவள் சிங்களத்தில் சொல்லச் சொல்ல அவனுக்குக் கோபம் கூடியது. கன்னத்தில் ஒரு அறை விழுந்தது.

ஜீப்பில் இருந்த இன்ஸ்பெக்டர் இறங்கி வந்தார். அவருக்கு நாய்தான் கண்ணில் பட்டது.

"மேக பொயின்டர் எகக் நேத?" பொயின்ரர்தானே இது என்று கேட்டு, குந்தியிருந்து அதன் நெஞ்சையும் தோளையும் தடவிப் பார்த்தார். காய வடுவில் விரலை வைத்தார். "பன்றி வேட்டைக்குப் போன நாய்" என்றார். அவரும் வேட்டைக்காரராம். றோஸியைப் போகச் சொன்னார்.

பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டு நின்ற லயனல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். துறைமுகத்தில் கூலிகளை மேய்க்கிறவன் அவன். சுற்றிவளைப்புகளில் பொலிஸோடு கூட நடந்து, எந்த வீட்டில் யார் எந்த ஊர் என்று காட்டுகிறவனும் அவன்தான் என்று ஒழுங்கை முழுக்கத் தெரியும். அடுத்த நாளே வாசலில் வந்து நின்றான்.

"அக்கே, அந்த நாய் நமக்கு தாங்க. இன்ஸ்பெக்டர் மாத்தயாவுக்கு பிரசன்ட் பண்ண வேணும். மாத்தயா சந்தோசம் எண்டா உங்களுக்கும் நல்லதுதானே."

"அது எங்கட அண்ணன்ட நாய் லயனல். தர ஏலாது."

அவன் சிரித்தான். "சரி. ஏலாது எண்டா ஏலாது." போகும்போது உள்ளே எட்டிப் பார்த்து, "நிக்கலஸ் ஐயா யாப்பனய தானே?" என்று யாழ்ப்பாணத்தைச் சிங்களத்தில் சொல்லிக் கேட்டான்.

ஆனி மாதத்தில் கிழக்கில் பொலிஸ் நிலையங்கள் தாக்கப்பட்டு, அரசாங்கத்துக்கும் தமிழ் இயக்கத்துக்கும் மறுபடி சண்டை தொடங்கியது. கொழும்பில் யாழ்ப்பாணத்துப் பெயர் உள்ள அடையாள அட்டையை வைத்திருந்தவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்து நடந்தார்கள். ஆடியில் ஒரு விடியற்காலை ஒழுங்கையின் இரண்டு பக்கத்தையும் மறித்துச் சுற்றிவளைத்தார்கள். ஆண்களை மாதா கோயிலடியில் வரிசையாக உட்காரவைத்தார்கள். நிக்கலஸின் அட்டையைப் பார்த்த பொலிஸ்காரன் லயனலைப் பார்த்தான். லயனல் வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தலையை ஆட்டினான். அதை றோஸி தன் இரண்டு கண்ணாலும் கண்டாள்.

அவர்கள் நிக்கலஸை இழுத்துக்கொண்டு போகும்போது சார்ஜன் முன்கதவை உள்ளேயிருந்து மோதிக்கொண்டிருந்தது. மாக்ரெட் அதன் கழுத்தைக் கட்டிப்பிடித்துத் தரையில் கிடந்தாள். அவிழ்த்துவிட்டால் சுட்டுவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

எந்த நிலையத்தில் கேட்டாலும் அப்படி ஒரு ஆள் இல்லை என்றார்கள். துறைமுகத்தில் ஒரு பெரியவர் மூலம் விசாரித்தும் பலனில்லை. பாதர் போய்க் கேட்டார். அவருக்கும் அதே பதில். இரண்டாம் கிழமை லயனல் வந்தான். இம்முறை கதிரையில் உட்கார்ந்தான்.

"ஆள் இருக்கு. ஆனா நல்லா இல்ல" என்றான். "மாத்தயாகிட்ட நான் கதைக்கிறேன். நீங்க நாய தாங்க."

றோஸி எழுந்து முற்றத்துக்குப் போனாள். சார்ஜனின் கழுத்தில் சங்கிலியைப் பூட்டினாள். அது வெளியே போகிறோம் என்று துள்ளியது. அவளுடைய கன்வஸ் சப்பாத்தைத் தேடி வாயில் கவ்விக்கொண்டு வந்தது. அவள் சப்பாத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, சங்கிலியின் மறுமுனையை லயனலின் கையில் கொடுத்தாள்.

"என்ன சொன்னா கேக்கும்?"

"வா எண்டா வரும். இரு எண்டா இருக்கும். பிடி எண்டா பிடிக்கும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்றாள் றோஸி.

இன்னொரு சொல் இருந்தது. அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. மறந்துபோய்ச் சொல்லாமல் விட்டதல்ல.

நிக்கலஸை மூன்றாம் நாள் ஒரு வான் கொண்டுவந்து சந்தியில் இறக்கிவிட்டது. இறக்கியது என்பதை விடத் தள்ளியது என்பதுதான் சரி. மண் நிரப்பிய பிளாஸ்ரிக் குழாயால் உள்ளங்காலில் அடித்திருந்தார்கள். இரண்டு பாதமும் பூசணிக்காய் போல வீங்கி, தோல் கறுத்து வெடித்திருந்தது. பழனியம்மாவின் புருசன்தான் மூட்டை தூக்குவது போல முதுகில் தூக்கி வந்து கட்டிலில் போட்டான். மூன்று விரல்களில் நகம் இல்லை. றோஸி வெந்நீரில் சீலைத்துண்டைத் தோய்த்துக் காலைத் தொட்டபோது அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான்.

"நாய் எங்க?" என்று கேட்டான் கடைசியில்.

அவள் சொன்னாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். முதுகு குலுங்கியது. அந்த மனுசன் அழுது அவள் கண்டதில்லை.

இன்ஸ்பெக்டருக்கு நாய் போய்ச் சேரவில்லை. அதற்குள் அவரைச் சண்டை நடக்கிற பக்கம் மாற்றிவிட்டார்கள். நாய் லயனலின் வளவில் நின்றது. நாலு தெரு தள்ளி, துறைமுக மதிலோடு ஒட்டிய வளவு. அவனுக்கு அதை வைத்திருக்கவும் தெரியவில்லை, விடவும் மனமில்லை. சிநேகிதர்கள் வந்தால் தெருநாய்களைப் பிடித்து வந்து அதன் முன்னால் விட்டு, 'பிடி' என்பானாம். பிடித்த பிறகு விடுவிக்கத் தெரியாமல் இரும்புக்கம்பியால் அடிப்பானாம். ஓட்டமில்லாமல், அரைப்பட்டினியில், அடி வாங்கி வாங்கி அது இரவும் பகலும் ஊளையிடுகிறது என்று பழனியம்மா வந்து சொன்னாள். றோஸி ஒருநாள் அந்தத் தெருப் பக்கம் போனாள். மதிலுக்கு அந்தப் பக்கம் சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டது. அவள் வாசனை அதற்குப் பட்டிருக்க வேண்டும். ஊளை நின்று, சின்னக் குழந்தை மாதிரி முனகத் தொடங்கியது. அவள் காதைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தாள்.

ஆவணி முடிவில் ஒரு நாள் முற்பகல். லயனலின் பெண்சாதி நந்தாவதி வாசலில் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. சீத்தைத்துணியில் மாவும் இரத்தமும்.

"அக்கே, வாங்க. நாய் இவரைப் பிடிச்சிட்டது. விடுதில்ல. அடிச்சும் விடுதில்ல. ஆட்டை உங்கட சொல்லுக்குத்தான் விட்டதாம். நீங்க வந்து சொல்லுங்க" என்றாள் சிங்களத்தில்.

கட்டிலில் கிடந்த நிக்கலஸ் எழும்பி உட்கார்ந்தான். "போகவேண்டாம்" என்றான். பிறகு, "போம்" என்றான்.

றோஸி நடந்தாள். ஓடப் பழகிய கால்கள் அவளுடையவை. ஆனாலும் நடந்துதான் போனாள்.

வளவுக்குள் பத்துப் பன்னிரண்டு பேர். தண்ணீர்த் தொட்டியடியில் லயனல் மல்லாந்து கிடந்தான். சார்ஜன் அவனுடைய வலது கையை மணிக்கட்டுக்கு மேலே கவ்வி, முன்கால்களை அவன் நெஞ்சில் ஊன்றி நின்றது. ஒவ்வொரு முறை அவன் இழுக்கும்போதும் உள்ளே எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. சிமெந்து முழுக்க இரத்தம். பக்கத்தில் வளைந்த இரும்புக்கம்பி. நாயின் ஒரு கண் அடிபட்டு வெளியே பிதுங்கியிருந்தது. முதுகில் கம்பியால் அடித்த இடத்தில் தோல் பிளந்து தொங்கியது. காவலரணிலிருந்து வந்த ஒரு இளம் பொலிஸ்காரன் துவக்கை நீட்டுவதும், ஆள் மேலே பட்டுவிடும் என்று இறக்குவதுமாக நின்றான்.

லயனல் அவளைக் கண்டுவிட்டான். "அக்கே... சொல்லுங்க அக்கே... அது என்ன வார்த்தை, சொல்லுங்க..."

றோஸி நாயின் தலைமாட்டில் போய் நின்றாள். அதன் மிஞ்சிய கண் அவளை நோக்கி மேலே உருண்டது. வெட்டுண்ட வால் இரண்டு தரம் அசைந்தது.

"என்ட புருசனைக் காட்டிக் குடுத்தது ஆரு?" என்றாள் தமிழில்.

"நான்... நான்தான்... தெய்வமே, கை போகுது..."

"என்னத்துக்கு?"

"நாய்க்கு... இந்த நாய்க்கு..."

அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இனிச் சொல்லலாம். ஆனால் வாய் திறக்கவில்லை. அண்ணனை வெட்டுகிறபோது இந்த நாய் ஒருவனை இப்படித்தான் பிடித்துக்கொண்டு நின்றது, யாரும் வரவில்லை. நிக்கலஸ் அந்த அறையில் கத்தியபோதும் யாரும் வரவில்லை. வெயில் தலையில் சுட்டது. லயனலின் குரல் மெலிந்து முனகலாயிற்று. அவன் விரல்கள் நீலமாகி, ஒவ்வொன்றாக விரிந்தன. சுற்றி நின்றவர்கள் அவளைத் திட்டினார்கள், கெஞ்சினார்கள், தோளைப் பிடித்து உலுக்கினார்கள். அவள் நின்றாள். அருள் நிறைந்த மரியே செபத்தை ஆறுதலாகச் சொல்லி முடிக்கிற நேரம் இருக்கும். அதற்கு மேலேயும் இருக்கலாம்.

நாயின் கால்கள் நடுங்கத் தொடங்கின. அதன் மூக்கிலிருந்து இரத்தம் குமிழ் விட்டது. நிற்க ஏலாமல் போன பிறகும் அது அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"போதும் மகன்" என்றாள் றோஸி. "போதும்."

தாடை திறந்தது. கிழிந்த கை சிமெந்தில் சொத்தென்று விழுந்தது. சார்ஜன் நொண்டிக்கொண்டு வந்து அவள் காலடியில் உட்கார்ந்து, தலையை அவள் முழங்காலில் சாய்த்தது.

வெடிச்சத்தம் காதருகில் கேட்டது. முதல் குண்டு நாயின் இடுப்பில் பட்டது. அது கத்திக்கொண்டு சுழன்றது.

"விட்டுட்டானே! சொன்னதும் விட்டுட்டானே!" றோஸி அதன் மேலே விழப் போனாள். யாரோ அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்தார்கள். பொலிஸ்காரன் கிட்டப் போய் மறுபடி சுட்டான். பிறகு தேவையில்லாமல் இன்னொரு முறையும் சுட்டான். அவனுடைய உதட்டில் மீசைகூட ஒழுங்காக முளைத்திருக்கவில்லை.

பழனியம்மாவும் புருசனும் புறக்கோட்டைக் கைவண்டியைக் கொண்டுவந்து நாயை ஏற்றினார்கள். முகத்துவாரத்தில் கடலுக்கு மேலே, தாழங்காய்ப் பற்றைக்குப் பின்னால் குழி வெட்டினார்கள். நிக்கலஸ் வந்திருந்தான். உள்ளங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மகளின் தோளைப் பிடித்து, குதிக்காலால் ஊன்றி ஊன்றி அவ்வளவு தூரமும் வந்தான். மண்வெட்டியை வாங்கி இரண்டு முறை மண் தள்ளினான். அதற்கு மேல் முடியவில்லை. வண்டியிலேயே அவனை ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள்.

பொலிஸ் வரும் என்று அவர்கள் பல நாள் பயந்து கிடந்தார்கள். உடுப்புகளைக் கட்டி வைத்தார்கள். ஹெவ்லொக் டவுனில் இருந்த ஒரு சொந்தக்காரர் தன் வீட்டில் ஒரு அறை தருவதாகச் சொன்னார். ஒருவரும் வரவில்லை. பெரியாஸ்பத்திரியில் லயனலின் வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஒரு கை இல்லாதவனுக்குத் துறைமுகத்தில் கூலிகள் பயப்படுவதில்லை. இன்ஸ்பெக்டரும் இல்லை. பொலிஸுக்கு அவன் தேவைப்படாமல் போனான்.

கார்த்திகை மழையில் ஒரு பகல் நந்தாவதி வந்தாள். குடையைச் சுருக்கிக்கொண்டு, வீட்டுக்குள் வராமல் வாசற்படியில் நின்றாள். மாக்ரெட் வகுப்புக்குப் போயிருந்தாள். நிக்கலஸ் உள்ளே நித்திரை. றோஸி கதவை அரைவாசி சாத்திப் பிடித்தாள்.

"சண்டை பிடிக்க வரல்ல அக்கே" என்றாள் நந்தாவதி சிங்களத்தில். "ஒரு விசயம் சொல்லத்தான்."

றோஸி கதவை இன்னும் கொஞ்சம் திறந்தாள்.

"அண்டைக்கு நீங்க பேசாம நிண்டதை நான் பாத்தேன். எல்லாரும் உங்களைப் பயத்தில விறைச்சுப் போயிட்டா எண்டு நினைச்சாங்க. எனக்குத் தெரியும்."

றோஸி நிக்கலஸ் படுத்திருந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"நாய் பிடிக்கேக்க நான் குசினியில ரொட்டிக்குத் தேங்காய் துருவிக்கொண்டு இருந்தேன். அவர் கத்தினது கேட்டது. என்ட பேரைச் சொல்லித்தான் கத்தினார்." நந்தாவதி தெருவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நான் அந்தப் பாதித் தேங்காயையும் துருவி முடிச்சேன். மாவில உப்புப் போட்டுக் குழைச்சேன். பிறகுதான் வெளிய வந்து பாத்தேன். பாத்த பிறகும் கொஞ்ச நேரம் நிண்டுட்டுத்தான் உங்களிட்ட ஓடி வந்தேன்."

நந்தாவதியின் சட்டைக் கை மழையில் ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே மேற்கையில், ஆறி வெளிறிப்போன விரல் தடங்கள் வரிசையாகத் தெரிந்தன. பழையவை சில, கம்பி பட்டது போல நீளமாகச் சில.

"உள்ள வா" என்றாள் றோஸி. "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

நந்தாவதி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கதிரையின் விளிம்பில் உட்கார்ந்தாள். தேத்தண்ணியை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள்.

"இப்ப எப்பிடி?" என்று கேட்டாள் றோஸி.

"இப்பவும் அடிக்கிறார்தான்." நந்தாவதி கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இடது கையால. அது அவருக்குப் பழக்கமில்ல. முக்கால்வாசி படுறதில்ல."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது யார் என்று பிறகு றோஸிக்கு ஞாபகமில்லை. வாயைச் சீலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, நிக்கலஸ் எழும்பிவிடக்கூடாது என்று மூச்சை அடக்கி, கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழியச் சிரித்தார்கள். நந்தாவதியின் கையிலிருந்த கோப்பை தளும்பி மடியில் ஊற்றியது. அவள் அதைத் துடைக்கவில்லை. வெளியே மழை பலத்துக்கொண்டிருந்தது. அது குறையும் வரைக்கும் அவள் போகவில்லை.